கடவுளும் 42 பிராங்கும்: பெல்ஜியம் எலக்ஷன் புரட்டு

1884-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி பெல்ஜியம் தேசத்தில் நடந்த பார்லிமெண்டு எலக்ஷனில் கத்தோலிக்கக் கட்சியார் ஜெயித்தார்கள்; லிபரல் கட்சியார் தோற்றார்கள். ஜெயித்தவர்கள், கடவுள் இல்லாத பள்ளிக்கூடத்தைக் கடவுள் பக்தியுள்ள ஜனங்கள் ஒழித்து விட்டார்கள் என்று கொண்டாடினார்கள். தோற்றவர்களோ, பாமர ஜனங்களுடைய மூடநம்பிக்கையினால் அறிவு தோற்றுப் போய்விட்டது என்று அழுதார்கள். ஜெயித்தவர்கள் சிரிப்பும் தோற்றவர்கள் அழுகையும் வேறு வேறாய் இருந்தாலும், "ஜனங்கள்" என்கின்ற ஒரு வார்த்தையை மட்டும் இரண்டு கூட்டத்தாரும் ஒன்று போலவே உபயோகித்திருக்கிறார்கள். ஆதலால் அந்த ஜனங்கள் என்பவர்கள் யார், எத்தனை பேர், அவர்கள் மடியில் என்ன இருந்தது என்பதை முதலில் விசாரிக்க வேண்டியது அவசியமாயிருக்கின்றது.

பெல்ஜியம் 1830-ம் வருஷத்தில் ஹாலந்து ராஜாவை எதிர்த்துக் கலகம் செய்து தனி நாடாயிற்று. 1831-ல் ஓர் அரசியல் சட்டம் எழுதிக் கொண்டார்கள். பிறகு ஜெர்மன் பிரபு குடும்பத்திலிருந்து லியோபோல்டு என்பவரைத் தேடிப்பிடித்து, சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று பிரமாணம் வாங்கிக் கொண்டு, 1831 ஜூலை 21-ந் தேதி ராஜாவாக்கினார்கள். அதாவது ராஜா வந்த பிறகு சட்டம் வரவில்லை. சட்டத்தை எழுதி வைத்துவிட்டு அதற்கு ஏற்ற ராஜாவைத் தேடினார்கள். இது ஒரு விதத்தில் மெச்சத் தக்க காரியம்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தச் சட்டத்திலே அதிகாரமெல்லாம் தேசத்தினிடமிருந்தே பிறக்கின்றது என்றும் அழகாக எழுதி வைத்தார்கள்.

ஆனால் அதே சட்டத்தின் 47-வது பிரிவைப் பார்த்தால் தேசம் என்பது என்ன என்ற ரகசியம் வெளியாகிவிடும். நேர் வரியாக வருஷத்திற்கு 20 பிளாரினுக்குக் குறையாமலும் 100 பிளாரினுக்கு மேற்படாமலும் சட்டம் குறிக்கும் தொகையைச் செலுத்துகின்றவனுக்கே பார்லிமெண்டு ஓட்டு என்பது அந்தப் பிரிவு. 1848-ல் பிரெஞ்சு தேசத்தில் ராஜாவைத் துரத்தினவுடன், அந்தத் தீ தங்கள் கூரையிலும் பற்றிக் கொள்ளும் என்று பயந்த பெல்ஜியம் மந்திரிகள், தேசம் முழுவதற்கும் 20 பிளாரினே போதும் என்று அவசர அவசரமாகக் குறைத்தார்கள். 20 பிளாரின் என்பது அந்நாட்டு நாணயத்தில் 42 பிராங்கு 32 சாந்திம். இதற்குக் கீழே ஒரு காசு இறங்க வேண்டுமானாலும் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். திருத்துவதற்கோ பார்லிமெண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். செனட் என்னும் மேல் சபைக்கு நிற்கின்றவன் 1000 பிளாரின், அதாவது 2116 பிராங்குக்குக் குறையாத நேர் வரி கட்டுகின்றவனாயிருக்க வேண்டும். மேல் சபை என்பது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

1880-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பெல்ஜியத்தில் இருந்தவர்கள் 55 லட்சம் பேர். பார்லிமெண்டு ஓட்டு உடையவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். நூறு பேருக்கு இரண்டு பேர் என்பது கணக்கு. அன்றியும் அங்கே கீழ்ச் சபையில் இரண்டு வருஷத்திற்கு ஒரு தரம் பாதி ஸ்தானங்களுக்கே எலக்ஷன் நடப்பது வழக்கம். 1884-லும் அப்படியேதான் நடந்தது. ஆகவே கடவுளைக் காப்பாற்றிய ஜனங்கள் என்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேரில் பாதிப்பேர். அதிலும் ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களை மட்டும் எடுத்துக் கொண்டால் அதிலும் ஒரு பங்கு. இவ்வளவுதான் "ஜனங்கள்".

மற்றவர்கள் வரி கட்டவில்லையா என்றால், கட்டினார்கள். பட்டறைக் கூலிக்காரன் குடிக்கின்ற பீரிலும் வாங்குகின்ற சாமானிலும் சர்க்கார் வரி இருந்தது. ஆனால் அது நேர் வரியல்ல, மறைமுக வரி. மறைமுகமாகக் கொடுத்தவனுக்கு மறைமுகமாகக் கூட ஓட்டு கிடையாது. இதைவிடப் பெரிய வரி ஒன்று உண்டு. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டில் பேர் விழுந்த பணக்காரப் பிள்ளை, பணம் கொடுத்துத் தனக்குப் பதிலாக ஓர் ஏழைப் பிள்ளையைச் சிப்பாயாக அனுப்பிவிடலாம்! இந்த முறை 1909-ம் வருஷம் வரையில் பெல்ஜியத்தில் சட்டமாகவே இருந்தது. எனவே 42 பிராங்கு கொடுத்தவன் தேசத்தின் எஜமானன். உயிரைக் கொடுக்கப் போனவன் தேசத்திலேயே சேர்த்தியல்ல.

பெண்கள் விஷயமோ கேட்க வேண்டியதில்லை. மனைவி தன் சொத்துக்குச் செலுத்துகின்ற வரி புருஷன் கணக்கில் சேர்த்து எண்ணப்படும். அதாவது அவள் பணத்துக்கு ஓட்டு உண்டு, அந்த ஓட்டு அவனுக்கு. அவளுக்கு மாத்திரம் இல்லை. பணத்துக்கு உள்ள மதிப்புக்கூடப் பெண்ணுக்கு இல்லை என்பதை இவ்வளவு பச்சையாக எழுதி வைத்த சட்டத்தைத்தான் ஐரோப்பாவிலேயே தாராளமான அரசியல் சட்டம் என்று அக்காலத்து மேதாவிகள் புகழ்ந்து கொண்டிருந்தார்கள்.

நிற்க. இந்த எலக்ஷனுக்குக் காரணமாயிருந்த பள்ளிக்கூடச் சண்டையைச் சிறிது பார்ப்போம்.

1842-ம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். அதில் மதபோதனை கட்டாயம். அதைப் பாதிரி மேற்பார்வை செய்வார். சம்பளம் ஊரார் பணம், அதிகாரம் பாதிரியாருடையது. 1878-ல் லிபரல் கட்சி ஜெயித்து பிரேர்-ஒர்பான் என்பவர் முதல் மந்திரியானார். கல்விக்கென்றே தனி மந்திரி இலாகா ஒன்று முதன்முதலாக உண்டாக்கி வான் ஹும்பேக் என்பவரிடம் கொடுத்தார்கள். அவர்கள் 1879 ஜூலை 1-ந் தேதி செய்த சட்டம் இதுதான்: ஒவ்வொரு ஊரும் மதச் சார்பற்ற பொதுப் பள்ளிக்கூடம் ஒன்றாவது வைக்க வேண்டும், பாடத் திட்டத்தில் மதபோதனை இருக்கக் கூடாது, உபாத்தியாயர்கள் சர்க்கார் பரீட்சையில் தேறியவர்களாயிருக்க வேண்டும், பாதிரிகளின் பள்ளிக்கூடத்துக்கு ஊர்ப் பணம் கொடுக்கக் கூடாது. இவ்வளவு செய்தவர்கள், பாதிரியார் வேண்டுமானால் பாட நேரத்துக்கு முன்போ பின்போ வந்து அதே கட்டிடத்தில் தனி அறையில் பிள்ளைகளுக்கு மதம் சொல்லிக் கொடுக்கலாம் என்று இடமும் விட்டார்கள்.

இதில் கடவுளுக்கு என்ன நஷ்டம் என்று நாம் கேட்கின்றோம். கடவுள் அறையை விட்டு அறை மாறினார் என்பதைத் தவிர வேறு என்ன நடந்தது? சர்வ வல்லமையுள்ள கடவுள் கணக்குப் பாடம் நடக்கும் ஒரு மணி நேரம் வெளியில் காத்திருக்கக் கூடாதா? ஆனால் பாதிரிகளுக்கு நஷ்டம் எது என்பது தெளிவு. ஊர்ப் பணம் நின்று போகும். உபாத்தியாயரை வைக்கவும் நீக்கவும் இருந்த கை தளர்ந்து போகும். எங்கெங்கே கடவுளுக்கு ஆபத்து என்று கூச்சல் கேட்கின்றதோ அங்கங்கே யாருடைய வரும்படிக்கு ஆபத்து என்று பார்த்தால் விஷயம் சுலபமாய் விளங்கிவிடும்.

மேற்றிராணியார்கள் கூடினார்கள். மாலின் நகரத்து கர்தினால் தெஷாம்ப் அவர்களுக்குத் தலைவர். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் உபாத்தியாயருக்குப் பாவமன்னிப்பு இல்லை. அங்கே பிள்ளையை அனுப்பும் தகப்பனுக்கும் தாய்க்கும் பாவமன்னிப்பு இல்லை என்று உத்தரவு போட்டார்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் மண்டியிட்ட தாயை, "உன் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது?" என்று முதலில் கேட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முதல் நற்கருணையை மறுத்தார்கள். கோவில் ஜபத்திலேயே அந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் அந்த உபாத்தியாயர்களிடமிருந்தும் எங்களைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொண்டார்கள். பண்ணை முதலாளிகள் குத்தகைக்காரனைக் கூப்பிட்டு, பிள்ளையை மாற்றுகிறாயா, நிலத்தை விடுகிறாயா என்றார்கள். 1880-ல் பார்லிமெண்டே ஒரு விசாரணைக் கமிட்டியை ஏற்படுத்தி ஊர் ஊராய் அனுப்பி வாக்குமூலம் வாங்கியது. அதே வருஷத்தில் போப்பாண்டவரோடு பெல்ஜியம் சர்க்கார் ராஜீய உறவையே துண்டித்துக் கொண்டது. இரண்டு வருஷத்திற்குள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாதிரிகளின் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

லிபரல்களும் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கையிலிருந்த நகரசபைகளில், பாதிரி பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பின ஏழைக்குத் தர்ம உதவியை நிறுத்துவோம் என்று மிரட்டியதும் உண்டு. ஒருவன் நரகத்தைக் காட்டினான். மற்றவன் காலி அடுப்பைக் காட்டினான். இரண்டுக்கும் நடுவில் நசுங்கினவன் கூலிக்காரன். அவன் பெண்ஜாதி மண்டியிட்ட இடத்திலிருந்து அழுது கொண்டே எழுந்து வந்தாள்.

இப்போது வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாவமன்னிப்பு மறுக்கப்பட்ட தாய்க்கு ஓட்டு உண்டா? இல்லை. நிலத்தை விடு என்று மிரட்டப்பட்ட சிறு குத்தகைக்காரனுக்கு ஓட்டு உண்டா? அநேகமாக இல்லை. தர்ம உதவி வாங்கின ஏழைக்கு ஓட்டு உண்டா? கேட்கவே வேண்டியதில்லை. அப்படியானால் 1884 ஜூனில் லிபரல் கட்சியைத் தோற்கடித்தது நரக பயம் என்று எப்படிச் சொல்ல முடியும்? நரகம் காட்டப்பட்டவர்களுக்கு ஓட்டு இல்லை; ஓட்டு உள்ளவன் 1877-ம் வருஷத்துச் சட்டப்படி மறைவான அறைக்குள்ளே போய் எந்தப் பாதிரிக்கும் தெரியாமல் ஓட்டுப் போட்டான்.

பின்னே தோற்கடித்தது எது என்றால், 42 பிராங்குக்காரனுடைய பணப்பை. பள்ளிக்கூடங்கள் கட்டுவதற்கும் உபாத்தியாயர் சம்பளத்துக்கும் பணம் வேண்டும். வரவுக்கு மேல் செலவு போயிற்று. 1883-ல் லிபரல் மந்திரிசபை புது வரிகளைப் போட்டது. கிளாஸை உயரத் தூக்கி அறிவுக்கு ஜே போட்டுக் கொண்டிருந்த கனவான், வரிச் சீட்டு வந்தவுடன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். அறிவு இனாமாகக் கிடைக்கும் வரையில் அவன் அறிவாளி.

இதற்கு நல்ல அத்தாட்சி பிரஸ்ஸெல்ஸ் நகரம். அது பாதிரிகளின் கோட்டை அல்ல, லிபரல்களின் கோட்டை. அங்கே இருந்த 16 ஸ்தானங்களும் அன்று ஒரே அடியாய் லிபரல் கையை விட்டுப் போய், "சுயேச்சைக்காரர்கள்" என்ற பேரில் நின்ற எதிர்க்கட்சி அபேட்சகர்களுக்குக் கிடைத்தன. சபையில் 79-க்கு 59 என்று இருந்த லிபரல் பலம் 52 ஆயிற்று, கத்தோலிக்கர் 86. ஆனால் அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் நகரசபை எலக்ஷன் வந்தது. நகரசபை ஓட்டுக்கு 42 பிராங்கு வேண்டியதில்லை. 1871 முதல் 10 பிராங்கு வரி போதும். 1883-ம் வருஷத்துச் சட்டப்படி படிப்பைக் காட்டியும் ஓட்டு வாங்கலாம். அந்த எலக்ஷனில் பிரஸ்ஸெல்ஸ் முதலிய பெரிய பட்டணங்களில் ஜெயித்தது யார்? லிபரல்கள்! நான்கு மாதத்திற்குள் பட்டணத்து ஜனங்கள் எல்லோரும் நாஸ்திகராகி விட்டார்களா? வாசலைக் கொஞ்சம் அகலமாய்த் திறந்தார்கள், அதனால் வேறு ஆட்களும் உள்ளே வந்தார்கள். கிராமங்களில் பாதிரி பலமாகவே இருந்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பட்டணத்தில் அறிவைக் கைவிட்டவன் ஏழையல்ல, பணக்காரனே என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜெயித்த கட்சி என்ன செய்தது? மாலு என்பவர் முதல் மந்திரியானார். ஜேக்கப்ஸ், வூஸ்ட் என்ற இரண்டு தீவிரக்காரர்களைக் கூடச் சேர்த்துக் கொண்டார். முதல் வேலையாகக் கல்வி மந்திரி இலாகாவையே ஒழித்தார்கள். 1884 செப்டம்பர் 20-ந் தேதிச் சட்டத்தினால், ஊர்ச் சபை இஷ்டப்பட்டால் பாதிரி பள்ளிக்கூடத்தையே தன் பள்ளிக்கூடமாக எடுத்துக் கொள்ளலாம், பொதுப் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாம் என்று ஆயிற்று. நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சர்க்காரை நம்பி, பாவமன்னிப்பையும் உறவினரையும் இழந்து வேலை பார்த்த உபாத்தியாயர்கள் தெருவில் நின்றார்கள். இந்த உபாத்தியாயர்களின் கதையை எந்தக் கட்சியும் உரக்கச் சொல்லவில்லை. 5 வருஷ காலம் ஊரார் முகத்தைத் திருப்பிக் கொள்ள, கோவிலில் இடமில்லாமல், கடைக்காரன் சாமான் கொடுக்கத் தயங்க, கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். அந்தச் சண்டையில் யோக்கியமாய்ப் போர் செய்த சிப்பாய்கள் அவர்கள்தான் என்பது நமது அபிப்பிராயம். பட்டாளம் கலைந்தபோது தளகர்த்தர்களுக்குப் பார்லிமெண்டில் நாற்காலி மீதி இருந்தது. சிப்பாய்களுக்குக் கஞ்சியும் இல்லை.

இனி ராஜாவைப் பார்ப்போம். அப்போது ராஜாவாயிருந்தவர் இரண்டாவது லியோபோல்டு. 1879-ல் மதமில்லாத பள்ளிக்கூடச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. 1884-ல் அதை ஒழித்த சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிரஸ்ஸெல்ஸ் மேயர் பூல்ஸ் முதலிய நகரசபைத் தலைவர்கள் போய்க் கெஞ்சினார்கள். ராஜா, நான் பார்லிமெண்டு மெஜாரிட்டிக்குக் கட்டுப்பட்டவன் என்று சொல்லிப் போட்டுவிட்டார். சரி, கட்டுப்பட்ட ராஜா என்றே வைத்துக் கொள்ளுவோம். அக்டோபரில் பட்டணங்கள் எதிராய்ப் போனவுடன், அதே மெஜாரிட்டி மந்திரிசபையிலிருந்து ஜேக்கப்ஸையும் வூஸ்டையும் விலக்கச் சொன்னவர் யார்? அதே ராஜா. மாலுவும் கூடவே விலகினார். பேர்னார்ட் முதல் மந்திரியானார். ஆகவே கட்டுப்பட்ட ராஜா என்பவர் கட்டுப்பட இஷ்டப்படும்போது கட்டுப்படுவார், மற்றபோது மந்திரியை மாற்றுவார் என்பதுதான் பொருள்.

அந்த ராஜாவுக்கு உள்ளபடி இருந்த கவலை பள்ளிக்கூடமும் அல்ல, கடவுளும் அல்ல, ஆப்பிரிக்கா. காங்கோ என்னும் பெரிய தேசத்தைத் தன் சொந்தச் சொத்தாக்கிக் கொள்ள அவர் வேலை செய்து கொண்டிருந்தார். அரசியல் சட்டப்படி பெல்ஜியம் ராஜா வேறு நாட்டுக்கும் தலைவராவதானால் இரண்டு சபைகளின் சம்மதமும், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் வேண்டும். 1885 ஏப்ரல் கடைசியில், கடவுளைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்ன அதே பார்லிமெண்டு அந்தச் சம்மதத்தைத் தாராளமாகக் கொடுத்தது. கத்தோலிக்கரும் லிபரலும் ஒரு பள்ளிக்கூட அறைக்காக 5 வருஷம் அடித்துக் கொண்டார்கள். தங்கள் தேசத்தைப் போல் எத்தனையோ மடங்கு பெரிதான ஒரு தேசத்தை, அங்குள்ள ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு மனிதனுக்கு எழுதிக் கொடுப்பதில் இரண்டு கட்சியாருக்கும் பெரிய சண்டை வரவில்லை. பிறகு அங்கே ரப்பருக்காக ஜனங்களை வதைத்ததும், பிணையாகப் பெண்களைப் பிடித்து அடைத்ததும், கைகளை வெட்டியதும் உலகமெல்லாம் நாறி, 1908-ல் அந்த நாட்டை ராஜாவிடமிருந்து பெல்ஜியம் சர்க்கார் எடுத்துக் கொள்ள நேர்ந்தது. பாவமன்னிப்பு மறுப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர்களாயிருந்த மேற்றிராணியார்கள், ரப்பர் பணம் தின்ற ராஜாவுக்குப் பாவமன்னிப்பை மறுத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

பாதிரிகளைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு லிபரல்களை விட்டுவிட்டால் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். உண்மையில் அவர்கள்மீதுதான் நமக்கு அதிகக் கோபம். பாதிரி தன் தொழிலைச் செய்தான். அறிவுக்காரன் என்று சொல்லிக் கொண்டவன் என்ன செய்தான்? அவர்கள் கட்சிக்குள்ளேயே பால் ஜான்சன் முதலிய தீவிரக்காரர்கள், ஓட்டை அகலப்படுத்து, அரசியல் சட்டத்தைத் திருத்து என்று கேட்டுக் கொண்டேயிருந்தார்கள். 1883-ல் பார்லிமெண்டிலேயே பிரேரேபணை கொண்டு வந்தார்கள். பிரேர்-ஒர்பானும் அவர் கூட்டத்தாரும் அதை அடித்துத் தள்ளினார்கள். ஏன்? கூலிக்காரனுக்கு அறிவு வரட்டும், பிறகு ஓட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். அறிவு கொடுக்கும் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவதற்கு ஓட்டு வேண்டும். ஓட்டு வாங்குவதற்கு அறிவு வேண்டும்! நீந்தப் பழகின பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்ற கதைதான் இது. தங்களுக்காகக் கட்டப்பட்ட பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு சுரங்கத் தொழிலாளி ஏன் பேசாமலிருந்தான்? அந்தப் பள்ளிக்கூடத்தை அவனைக் கேட்டா திறந்தார்கள், மூடும்போது அவனைக் கேட்பதற்கு?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 1885-ல் தொழிலாளர் கட்சி ஏற்பட்டது. 1886 மார்ச்சில் லியேஜிலும் ஷார்ல்ருவாவிலும் தொழிலாளர் கிளர்ச்சி, பட்டாளம் வந்து சுட்டது, பலர் செத்தார்கள். அதே வருஷம் ஆல்பிரட் தெப்விஸோ என்பவர், பாதிரிகள் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் கேள்வி பதில் மாதிரியிலேயே ஜனங்களுக்கு ஓட்டுரிமையைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் எழுதி வெளியிட்டார். (பாதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கிப் பாதிரியையே அடித்த இந்த யுக்தியை நாம் மிகவும் மெச்சுகின்றோம்.) 1893 ஏப்ரலில் சர்வஜன ஓட்டைச் சபை நிராகரித்தவுடன் தேசம் முழுவதும் வேலைநிறுத்தம் எழும்பிற்று. மான்ஸ் பக்கத்தில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்ச் சேதம் ஏற்பட்டது. மறுநாளே, ஒரு வாரத்துக்கு முன் முடியாது என்ற அதே சபை முடியும் என்று ஒப்புக்கொண்டது. 60 வருஷமாய்ப் புத்தியில் ஏறாத நியாயம் ஒரு வாரத்தில் ஏறிவிட்டது.

அப்படி ஒப்புக்கொண்டதிலும் புரட்டு இல்லாமல் இல்லை. 25 வயதான ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு ஓட்டு. ஆனால் 35 வயதாகிக் குடும்பஸ்தனாய் 5 பிராங்கு வீட்டு வரி கட்டுகின்றவனுக்கு மேற்கொண்டு ஒன்று. 2000 பிராங்கு பெறுமான நிலம் வீடு உள்ளவனுக்கு மேற்கொண்டு ஒன்று. உயர்ந்த படிப்புப் பட்டம் பெற்றவனுக்கு மேற்கொண்டு இரண்டு. எப்படியும் ஒருவனுக்கு மூன்றுக்கு மேல் இல்லை. 1894 எலக்ஷனில் ஓட்டர்கள் 13 லட்சத்து 70 ஆயிரம் பேர். முன்னிருந்ததைப் போல் பத்து மடங்கு! ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். சுமார் எட்டரை லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆக எட்டரை லட்சம் ஓட்டு. மீதி ஐந்து லட்சத்துச் சொச்சம் பேருக்குப் பன்னிரண்டரை லட்சம் ஓட்டு. வீட்டைத் திறந்து விட்டுவிட்டு அறையைப் பூட்டிக் கொண்டார்கள். கத்தோலிக்கர் 104, தொழிலாளர் கட்சி 28, லிபரல்கள் 20. கூலிக்காரனுக்கு ஓட்டு ஆகாது என்று 15 வருஷம் வாதாடிய பிரேர்-ஒர்பான், லியேஜ் நகரத்தில் தன் சொந்த ஸ்தானத்தையே இழந்தார்.

இங்கே சில கனவான்கள், "பார்த்தீர்களா, ஓட்டைக் கொடுத்தவுடன் பாதிரி கட்சி 104 ஆகிவிட்டதே; லிபரல்கள் பயந்தது நியாயந்தானே" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்; மழுப்ப வேண்டியதில்லை. 104 வந்தது உண்மை. கிராமத்து ஜனங்கள் பாதிரி பின்னால் போனதும் உண்மை. ஆனால் அதற்கு முன் 10 வருஷமாய் 42 பிராங்குக் கனவான்கள் மட்டும் ஓட்டுப் போட்டபோது ஆண்டு கொண்டிருந்தது யார்? அதே பாதிரி கட்சிதானே! ஏழைக்குக் கதவடைத்து அறிவைக் காப்பாற்றிய ஒரு எலக்ஷனையாவது 1884-க்குப் பிறகு அவர்கள் காட்ட முடியுமா? முடியாது. பாதிரி கட்சியார் 30 வருஷம் தொடர்ந்து ஆண்டார்கள். அன்றியும் பாதிரிக்கு ஓட்டுப் போடாத அந்த 28 பேரைச் சபைக்கு அனுப்பினவர்கள் யார்? சுரங்கத்திலும் உலையிலும் வேலை செய்த, பட்டம் பெறாத, படிப்பில்லாத கூலிக்காரர்கள். அறிவு வரட்டும் என்று யாரைக் காத்திருக்கச் சொன்னார்களோ அவர்களே பாதிரியை எதிர்த்துப் பெரிய கட்சியாய் நின்றார்கள். அறிவுக்காரர்கள் 20 பேராய் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயப் படிப்புச் சட்டம் பெல்ஜியத்தில் 1914-ல்தான் வந்தது. அதாவது கனவான்கள் மட்டும் ஆண்ட அறுபது வருஷத்திற்கு மேற்பட்ட காலத்தில் அந்த அறிவை எல்லோருக்கும் கொடுக்க எந்தக் கட்சிக்கும் முடியவில்லை.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லும்போது தொழிலாளர் கட்சித் தோழர்களுக்கும் வருத்தம் ஏற்படலாம், ஏற்படட்டும். ஒரு மனிதனுக்கு ஒரு ஓட்டு என்பது 1919-ல் வந்தது. மனிதன் என்றால் ஆண் என்று அர்த்தம். பெண்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு லிபரல்களும் தொழிலாளர் கட்சியாரும் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? பெண்கள் பாதிரி பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டு விடுவார்களாம்! கூலிக்காரனைப் பற்றி பிரேர்-ஒர்பான் சொன்ன அதே வார்த்தை. சொல்லுகிறவன் மட்டும் மாறினான். பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாம் என்று அப்போது முன்வந்தவர்கள் கத்தோலிக்கக் கட்சியார். அதுவும் பெண்கள் மீதுள்ள மரியாதையினால் அல்ல, அதே கணக்கை வைத்துக் கொண்டுதான். ஆக ஒருவன் பயத்தினால் மறுத்தான், ஒருவன் ஆசையினால் கொடுக்கலாமென்றான். அவளுக்கு உரிமை என்று கேட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் சொற்பம். 1919-ல் யுத்தத்தில் செத்தவர்களுடைய விதவைகளுக்கும் தாய்மார்களுக்கும், யுத்தகாலத்தில் எதிரியால் சிறை வைக்கப்பட்ட பெண்களுக்கும் மட்டும் பார்லிமெண்டு ஓட்டுக் கொடுத்தார்கள். புருஷனோ பிள்ளையோ செத்தால் ஓட்டு! மற்றப் பெண்களுக்கு 1948-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் உரிமை வந்தது. அவர்கள் முதன்முதலாகப் பார்லிமெண்டு எலக்ஷனில் ஓட்டுப் போட்டது 1949-ல். 1879-ல் உன் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று கேட்டு விரட்டப்பட்டாளே ஒரு தாய், அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது என்று வைத்துக் கொண்டால், தன் அபிப்பிராயத்தை ஓட்டுப் பெட்டியில் போடுவதற்கு அவள் 95 வயது வரையில் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.